ஒரு முகத்திற்கு ஒரு பஞ்சு

தமிழாசிரியர் ஒருவர் ஒப்பனைப் பஞ்சைப் பற்றி எழுதத் துணிவதைக் கண்டு நகைப்பாரும் உளர். இலக்கணமும் இலக்கியமும் இருக்க, முகப்பூச்சைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவர்கள் வினவலாம். ஆயினும், நம் தமிழ்ப்பள்ளிகளில் நாடகமோ நாட்டியமோ இல்லாத கலைவிழா அரிது. ஒப்பனை இல்லாத நாடகமும் அரிது. திரை விலகுவதற்கு முன்னர் மாணவரின் முகத்தை முதலில் தொடுவது பஞ்சே. பிறர் முகத்தைத் தொடும் உரிமை எவருக்கும் எளிதில் கிட்டுவதன்று. அவ்வுரிமையைப் பெற்றவர் எத்துணைக் கருத்தோடு நடந்துகொள்கிறார் என்பதைச் சிறு செய்தியாக நான் கருதவில்லை.

‘அரிதாரம் பூசுதல்’ என்னும் தொடர் நம் கூத்து மரபில் ஒப்பனைக்கே பெயராகிவிட்டது. அரிதாரம் என்பதோ ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம், நஞ்சுடையது. திரைப்படம் வளர வளர முகப்பூச்சும் மாறியது. வண்ணப்படங்கள் வந்தபோது, பழைய எண்ணெய்ப் பூச்சு விளக்கொளியில் பளபளத்து முகத்தின் இயல்பைக் கெடுத்தது. அக்குறையைப் போக்க மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் ‘பான்கேக்’ என்னும் பூச்சை உருவாக்கி, 1937-இல் வெளிவந்த வண்ணப்படம் ஒன்றில் பயன்படுத்தியது. வட்டக் கட்டியாக இருந்த அப்பூச்சை விரலால் எடுக்க இயலாது. ஈரப் பஞ்சால்தான் எடுத்துப் பூச வேண்டும். ஃபவுண்டேஷன் எனப்படும் அடிப்பூச்சும் பஞ்சும் அன்று முதல் இணைபிரியாமல் வருகின்றன.

அந்தப் பஞ்சுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. கடைகளில் கட்டுக் கட்டாக விற்கப்படும் முக்கோண வடிவ வெண்பஞ்சுகளில் பல, ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து உறைய வைத்தவை. 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரம் சாகாத வண்ணம் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பாலை நுரைப்பஞ்சாக்கும் முறையை 1929-இல் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் கண்டனர். என் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “உளி பட்டையோடு நிற்கணும், கட்டையைத் தொட்டால் மரத்துக்குப் புண்ணாகும்” என்று அவர் அடிக்கடி சொல்வார். புண்படுத்தாமல் தொடுவதும் ஒரு கல்வி என்பதை நான் முதலில் கற்றது அவரிடந்தான்.

பஞ்சைப் பயன்படுத்துவதிலும் அத்தகைய நிதானம் வேண்டும். நுரைப்பஞ்சை முதலில் நீரில் நனைத்து, நன்கு பிழிந்துவிட வேண்டும். நுண்துளைகளில் நீர் நின்றுவிடுவதால், பஞ்சு பூச்சைக் குடித்துவிடாமல் முகத்தில் சேர்க்கும். பூச்சைக் கன்னத்திலிருந்தும் மூக்கின் அருகிலிருந்தும் தொடங்கி வெளிப்புறமாக மெல்ல ஒற்றிச் செல்ல வேண்டும். தேய்த்தால் கோடு விழும், தோலும் சிவக்கும். முக்கோணப் பஞ்சின் விளிம்பும் கோடு இழுக்கும். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் ரியா ஆன் சில்வா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளில் அவ்விளிம்புகளைக் கத்தரித்து எறிந்துவிட்டே பூசிவந்தார். இன்று எங்கும் காணப்படும் முட்டை வடிவப் பஞ்சு அந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததே.

முறை தெரிந்தால் மட்டும் போதாது என்பதை ஒரு கலைவிழாவில் கண்டேன். ஒப்பனைக்கு வந்திருந்த அம்மையார் கைத்திறன் மிக்கவர். எனினும் அவரிடம் இருந்தது ஒரே பஞ்சு, ஒரே டப்பா. அதுவும் வெளிறிய நிறத்துப் பூச்சு. இருபது மாணவியர் வரிசையில் நின்றனர். ஒருத்தியின் நெற்றியில் சீழ்க்கொப்புளங்கள் இருந்தன. அவள் முகத்தில் ஒற்றிய பஞ்சு டப்பாவிற்குள் சென்றது. மீண்டு அடுத்தவள் முகத்திற்கு வந்தது. வரிசையின் கடைசியில் நின்றவள் நல்ல கருநிறம் கொண்ட சிறுமி. பூசி முடித்தபோது அவள் முகத்தில் சாம்பல் படர்ந்தது போலிருந்தது. கழுத்தோ தன் நிறத்திலேயே இருந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டாள்: “டீச்சர், அம்மாவுக்கு மேடையில் என்னை அடையாளம் தெரியுமா?”

அவள் முகத்தைக் கழுவிவிட்டு, பூச்சின்றியே மேடைக்கு அனுப்பினேன். அவ்வினா மட்டும் என்னை விட்டு அகலவில்லை. நோயைப் பரப்பும் பஞ்சும் நிறத்தை மறைக்கும் பூச்சும் வெவ்வேறு குறைகளாகத் தோன்றலாம். இரண்டிற்கும் வேர் ஒன்றே: இருபது முகங்களை ஒரே முகமாக எண்ணிய மெத்தனம்.

மறு ஆண்டு நாங்கள் செய்த ஏற்பாடு மிக எளியது. மாணவிக்கு ஒன்றாகப் பஞ்சுகள் வாங்கினோம். ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய காகித உறையில் இட்டோம். டப்பாவிற்குள் பஞ்சை விடாமல், கழுவிய சிறு கரண்டியால் பூச்சை அள்ளித் தட்டில் வைத்து, அதிலிருந்தே தொட்டுப் பூசினோம். முகத்தில் புண் உள்ளவர்க்குப் பூச்சே இல்லை. ரப்பர்ப்பால் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், அத்தகையோர்க்குப் பாலியூரித்தேன் பஞ்சு வைத்தோம்.

சொந்தப் பஞ்சாயினும் தூய்மை வேண்டும். 2019-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் முட்டை வடிவப் பஞ்சுகளில் 93 விழுக்காடு ஒருமுறையும் தூய்மை செய்யப்படாதவை. 64 விழுக்காடு தரையில் விழுந்த பின்னும் பயன்படுத்தப்பட்டவை. ஈரமும் தோலின் எண்ணெயும் இறந்த அணுக்களும் ஓரிடத்தில் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்கு அது விருந்தன்றோ? ஆதலின், பயன்படுத்தியவுடன் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரமிட்டு, பிழியும் நீர் தெளியும் வரை அலச வேண்டும். துணியைப் போல் முறுக்கினால் பஞ்சு கிழியும்; உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலே போதும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே மூடிய பெட்டியில் வையாமல், காற்றோட்டமான நிழலில் முழுதும் உலர விட வேண்டும். கடும் வெயிலும் எண்ணெயும் ரப்பரை நொய்யச் செய்யும். பஞ்சு வெடித்தாலோ, நாற்றம் வீசினாலோ, கரும்புள்ளி தோன்றினாலோ இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். கெடாவிடினும் மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று.

நிறத்தைப் பொறுத்தவரை இன்று சாக்குச் சொல்ல இடமில்லை. 2017-இல் பாடகி ரிஹானாவின் ஒப்பனை நிறுவனம் 40 நிறச் சாயல்களில் அடிப்பூச்சை வெளியிட்ட பிறகு, பிற நிறுவனங்களும் கருநிறச் சாயல்களைப் பெருக்கின. தாடையோரத்தில் சிறிது தடவிப் பார்த்து, முகத்தோடும் கழுத்தோடும் கலந்து மறையும் சாயலையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெளுப்பாக்குவது அடிப்பூச்சின் வேலையன்று. உள்ள நிறத்தைச் சீராகக் காட்டுவதே அதன் வேலை. மூன்று நான்கு சாயல்களை வாங்கிக் கலந்துகொண்டால், ஒரு வகுப்பு முழுமைக்கும் பொருந்தும்.

அடுத்த கலைவிழாவிற்குச் செலவுப் பட்டியல் எழுதும் ஆசிரியர்கள், மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பஞ்சுகளுக்கும் பூச்சுகளுக்கும் ஒதுக்குவார்களாக. மாணவர்களும், “இது எனக்கு உரிய பஞ்சா?” என்று கேட்கத் தயங்க வேண்டா. அவ்வாறு கேட்பது அடக்கமின்மை ஆகாது. தன் முகத்தைத் தான் மதிக்கக் கற்ற பிள்ளையே, பிறர் முகத்தையும் மதிக்கும்.