வாழைச்சேனையில் நாய்க்கும் ஓர் இடம்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக அமைந்துள்ள ஊர் வாழைச்சேனை. 1956 ஆம் ஆண்டிலே இங்கு தொடங்கப்பெற்ற கடதாசி ஆலை இவ்வூரின் பெயரை இலங்கை முழுவதும் அறியச் செய்தது. வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலை அது. ஆலையை அறியாதவரும் அருகிலுள்ள பாசிக்குடாவை அறிவர். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் ஆழமாகாத அந்தக் குடாவை நாடி, சித்திரை முதல் புரட்டாதி வரை குடும்பங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று எழுந்துவிட்டால் கடல் வேறு முகம் காட்டும்.

ஆவணி விடுமுறையிலே ஒரு வார காலம் இங்கு தங்க நாம் விரும்பினோம். எமது தாயார் பிறந்த ஊர் இது. எழுபத்தெட்டு வயதாகிவிட்ட அவர், களப்பங்கரையை இன்னொரு முறை பார்க்க வேண்டுமென்று இரண்டாண்டுகளாகச் சொல்லி வந்தார். உறவினர் யாவரும் வேறிடம் பெயர்ந்துவிட்டமையால் வாடகை வீடுதான் தேட வேண்டியிருந்தது. அதனோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. எமது வீட்டு நாய் மணிக்குப் பன்னிரண்டு வயது. நாளுக்கு இருமுறை மருந்து. அதையும் தாயாரின் கையாலன்றி உண்ணாது. “மணியை விட்டிட்டுப் போறதெண்டா நான் வரேல்லை” என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே, நாய்க்கு இடம் கிடைத்தால்தான் தாயாருக்கும் ஊர் கிடைக்கும் என்ற நிலை.

2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் பெரிய விடுதிகள் பல எழுந்தன. அவற்றுட் சிலவற்றைத் தொலைபேசியில் விசாரித்தோம். விடை பெரும்பாலும் ஒன்றே: செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. இதை நாம் குறையாகக் கொள்ளவில்லை. இன்று எமது நாய் படுத்த அறையிலே நாளை ஒரு கைக்குழந்தை தவழக்கூடும். பிரான்சு நாட்டிலே 1970 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குடியிருப்பு வீட்டில் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடுக்கும் வாடகை நிபந்தனை செல்லாது என்கிறது. ஆயினும், சுற்றுலாவுக்காகச் சில நாட்களுக்கு விடப்படும் வீடுகளில் அத்தகைய தடை விதிக்க 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. குடியிருப்பவனின் உரிமை வேறு, வந்து போகிறவனின் வசதி வேறு என்பதே அதன் பொருள்.

விடுதிகளை விட்டுத் தனி வீடுகளைத் தேடினோம். வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இடம். ஓட்டமாவடியில் ஒரு வணிகரின் வீடு எமக்கு மிகவும் பிடித்தது. நாய் உண்டு என்றதும் அவர் சற்றே தயங்கி, “சேர், வீடு தாறதுக்கு விருப்பம்தான். ஆனா இங்க வந்து தங்குறவங்க தொழுவாங்க. நாய் இருந்த இடமெண்டா முழுக்கக் கழுவித்தான் குடுக்கணும். குறை நினைக்காதீங்க” என்றார். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டுமென்பது இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மரபின் விதி. அதே சமயத்தில், தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதென்று போற்றுவதும் அம்மதமேயாகும். விதிக்கும் இரக்கத்துக்கும் பகை இல்லை என்பதை அவ்வணிகர் செயலாலேயே காட்டினார். கல்குடாப் பக்கத்தில் தமக்குத் தெரிந்த ஓர் அம்மையாரை அவரே தொலைபேசியில் அழைத்து எமக்காகப் பேசினார்.

பாரதக் கதையிலே தருமபுத்திரரை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லத் தேரோடு வந்த இந்திரனும், நாய்க்கு அங்கே இடமில்லை என்றுதான் கூறினான். நாயை விட்டு வர மாட்டேன் என்று தருமர் மறுத்துவிட்டார். வைரவருக்கு நாயை வாகனமாக்கி வணங்கும் எமது வீடுகளிலும், பூசையறைக்குள் நாயை விடுவதில்லை. அன்பு இருக்கும் இடத்திலும் எல்லை உண்டு.

கல்குடா அம்மையார் உடனே சம்மதிக்கவில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, ஊசி போட்ட துண்டு இருக்கா?” என்பதே. கேட்டது நியாயம். நீர்வெறுப்பு நோயைத் தடுக்க 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு இது. நோயின் குறிகள் தோன்றிய பின் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதே வழி. அடுத்து அவர் நிபந்தனைகளைச் சொன்னார். கிணற்றடிக்கும் குசினிக்கும் நாய் வரக்கூடாது. இரவில் விறாந்தையிலே, தன் சொந்தப் பாயிலே படுக்க வேண்டும். படலை எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளை நாய்க்கு அஞ்சுவதால், வெளியே கொண்டு செல்லும்போது சங்கிலி கட்டாயம். முற்பணம் ஒரு தொகை. வீடு பழுதின்றி இருந்தால் திருப்பித் தரப்படும். யாவற்றையும் நாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

அவ்வாரத்திலே நாம் கண்டறிந்தவை சில உண்டு. கச்சான் காற்று வீசும் நாட்களில் நண்பகல் மணல் நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். கதிரவன் எழுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னுமே நடத்திச் செல்ல வேண்டும். கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகும். போத்தலில் நன்னீர் எடுத்துச் செல்வது நலம். கிழக்கிலங்கைக் களப்புகளில் முதலைகள் உள்ளன. மாலை வேளையில் நீரோரத்தில் நாயை அவிழ்த்து விடுதல் ஆகாது. கரையிலே கருவாடு காய்வது மீனவரின் பிழைப்பு. அதன் பக்கம் நாயை அண்டவிடலாகாது. ஊர் நாய்கள் தம் எல்லையைக் காக்கக் கூட்டமாக வரும். அவ்விடத்தை விட்டு அமைதியாக விலகுவதே அறிவு.

ஒருநாள் மாலை தாயாரைக் களப்பங்கரைக்கு அழைத்துச் சென்றோம். தாம் சிறுமியாய் இருந்தபோது தந்தையாரோடு தோணியேறிய துறையை அவர் தேடினார். அது எதுவென்று தெரியவில்லை. வள்ளங்கள் கரைக்குத் திரும்பும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். மணி அவர் காலடியிலே சங்கிலியோடு உறங்கிற்று. வீடு திரும்பும் வழியில், “போதும் தம்பி, பார்த்திட்டன்” என்றார்.

விருந்தாக வருவோருக்கு எமது அனுபவம் ஒன்றைச் சொல்வோம். நாய் உண்டு என்பதை வாடகை பேசுமுன் கூறுக. மறைத்துக் கொண்டு வந்து வாசலிலே வாதாடுதல் பண்பன்று. இனம், வயது, பருமன், தடுப்பூசி போட்ட திகதி ஆகியவற்றைக் கேட்குமுன் தருக. மதிலோ வேலியோ உள்ள வளவா, அயலவர் யார் என்று நீங்களும் கேளுங்கள். மறுப்பவரிடம் காரணத்தைப் பணிவோடு கேட்டால், பொருத்தமான வேறு வீட்டை அவரே காட்டுவதும் உண்டு.

புறப்படும் நாளிலே அம்மையார் அறை அறையாகப் பார்த்தார். விறாந்தையைக் கூட்டிப் பார்த்தார். முற்பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். பின்பு தாயாரின் கையைப் பற்றி, “அடுத்த வருசமும் வாங்க அக்கா. அவனையும் கூட்டித்து வாங்க” என்றார்.