டெண்ட் அடிச்சா போதுமா?

எங்க மாமா ராணுவத்துல சுபேதாரா இருந்து ரிடையர் ஆனவர். கல்யாணப் பந்தியில சாம்பார் வர லேட்டானாக்கூட, "பட்டாளத்தான்கிட்ட விட்டுப் பாரு, அரை மணியில எல்லாரும் சாப்ட்டு எந்திரிச்சிருப்பாங்க"ம்பார். நானும் அப்படியே நம்பிட்டிருந்தேன். வெள்ளமோ புயலோ, பட்டாளம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு.

போன வாரம் குவாண்டனாமோ பத்திப் படிக்கப்போய் அந்த நம்பிக்கையில ஓட்டை விழுந்துடுச்சு. அந்தப் பேரைக் கேட்டா நமக்கு ஆரஞ்சு உடுப்புக் கைதிகள்தான் ஞாபகம் வரும். ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அங்கே அகதி முகாம் இருந்திருக்கு.

1991 செப்டம்பர்ல ஹைத்தியில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. படகேறித் தப்பிச்சவங்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடுக்கடல்லயே மறிச்சு, கியூபா மண்ணுல இருக்கிற அந்தக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டு போச்சு. கூடாரம், சாப்பாடு, டாக்டர் எல்லாம் ராணுவமே பாத்துக்குச்சு. சுத்தி முள்கம்பி, கையில பார்கோடு போட்ட பட்டை.

அகதின்னு கேக்கிறதுல நியாயம் இருக்குன்னு விசாரணையில தேறினவங்கள்ல 200-க்கும் மேற்பட்டவங்களுக்கு மட்டும் கதவு தெறக்கலை. காரணம், எச்.ஐ.வி. அந்தத் தொற்று உள்ளவங்களை நாட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு அப்போ அமெரிக்கச் சட்டம். 1993 ஜனவரியில உண்ணாவிரதம் இருந்து பாத்தாங்க. ஜூன்ல நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் உத்தரவு போட்ட பிறகுதான் வெளியே வந்தாங்க.

1994-ல மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை ஹைத்திக்காரங்களோட 30,000-க்கும் அதிகமான கியூபாக்காரங்களும். ரெண்டு பேரும் வந்தது கடல் வழியாத்தான், காவலுக்கு நின்னதும் அதே ராணுவம்தான். ஆனா ஹைத்திக்காரங்கள்ல பெரும்பாலானவங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கியூபாக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு 1995 மே மாச அறிவிப்புக்கு அப்புறம் அமெரிக்கா போக வழி கெடைச்சது. முடிவெடுத்தது முகாம்ல இருந்த சிப்பாய் இல்லை, வாஷிங்டன்.

ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"டெண்ட் அடிப்போம் மாப்ள, சோறு போடுவோம். 'நான் எப்போ போகலாம்?'னு ஒருத்தன் கேட்டா, அதுக்குப் பதில் எங்க கையில இருக்காது"ன்னார்.

சோறு நேரத்துக்கு வந்துட்டா முகாம் நல்லா நடக்குதுன்னு இனிமே சொல்ல மாட்டேன். அந்த 'எப்போ'வுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கான்னு மொதல்ல பாப்பேன்.