வெயிலும் என் வலது கண்ணும்

"கத்திரி வெயிலில் வேலை பார்த்தால் ராத்திரி ஒரு பக்க மண்டை மட்டும் வலிக்கிறது, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கும் அதே கதைதான்.

சித்திரையில் வயல் ஆய்வுக்கு அலைந்த நாட்களில், இரவு 2 மணிக்கு வலது கண்ணுக்குப் பின்னால் கடப்பாரையால் குத்துவதுபோல வலிக்கும். அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடியும். படுக்க முடியாது, ஒரு மணி நேரம் வாசலில் நடப்பேன். சைனஸ் என்று மாத்திரை சாப்பிட்டேன். கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டேன். வலி மட்டும் போகவில்லை.

நரம்பியல் மருத்துவர்தான் 'கிளஸ்டர் தலைவலி' என்றார். வெப்பம் சிலருக்கு இதைத் தூண்டுமாம். வலி வரும் வாரங்களில் மது தொடவே கூடாதாம். முகமூடி வழியே நிமிடத்துக்கு 12 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்ததும், கால் மணி நேரத்தில் வலி அடங்கியது. மறுபடி வராமலிருக்க, ஈசிஜி பார்த்து வெரபமில் மாத்திரை கொடுத்தார்.

பயிர் மஞ்சளானால் காரணம் பார்க்காமல் யூரியா போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் தலைக்கு மட்டும் அதை மறந்து, ஒரு நல்ல பல்லை இழந்தேன். இப்போது 9 மணிக்குள் வயலை விட்டு ஏறிவிடுகிறேன்.

ஒன்று மட்டும்: பூச்சிமருந்து தெளித்தபின் தலைவலியோடு வாந்தி, மயக்கம் வந்தால் அது வேறு. மருந்து டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.