அக்காவின் பண்ணை

என் பெரியப்பா பெண் உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு மூன்று ஏக்கர் நன்செய் உண்டு. பட்டணத்துக் குழந்தைகள் அங்கே வந்து நாற்று நட வேண்டும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும், நெல்லுக்கு உமி உண்டு என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"கதையில் எத்தனை சொத்து வழக்கு எழுதியிருக்கிறாய்! வக்கீலிடம் துணைக்கு வா" என்றாள். போனேன்.

வக்கீல் முதலில் கேட்டது கிணற்றைப் பற்றி.

"குழந்தை எட்டிப் பார்த்து விழுந்தால்? பண்ணை உங்கள் பெயரில் நடந்தால் நஷ்டஈட்டுக்கு வீடு வரை பதில் சொல்ல வேண்டும். 1932-ம் வருஷச் சட்டப்படி கூட்டு வியாபாரம் என்றாலும் அதே கதி. கூட்டாளி செய்த தவறும் உங்கள் தலையில் விடியும்."

"சங்கமாகப் பதிவு செய்தால்?"

"1975-ம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும்."

"எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்ததில்லை!" என்றாள் அக்கா.

"அப்படியானால் தர்ம டிரஸ்ட். நிலத்தை அதற்கு எழுதிவிட்டால் எழுதியதுதான். மகனுக்குத் திரும்ப வராது."

அக்கா பேசவில்லை. மகன் சென்னையில் வாடகைக் கார் ஓட்டுகிறான்; இரண்டு குழந்தைகள். அவனுக்கென்று மிஞ்சப் போவது அந்த மூன்று ஏக்கர்தான். என் நாவல்களில் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் நிலத்தைத் தானம் செய்துவிடுவாள். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதுவார்கள். அவளுடைய மகனைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை.

வக்கீல் இரக்கத்தோடு சொன்னார்: "2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் 8-ம் பிரிவு இருக்கிறது. இரண்டு பேர் போதும். லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. கல்விக்கே செலவிட வேண்டும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு, பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். நெல் விற்ற பணத்துக்கு உள்ள வரிச் சலுகை, பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்துக்குக் கிடையாது; கணக்கைத் தனியாக வையுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சொந்த அஜாக்கிரதைக்கு எந்தக் கம்பெனியும் கவசமாகாது. முதலில் கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள்."

வாசலில் இறங்கியதும் அக்கா மகனை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"ஒரு கையெழுத்துப் போட வருகிறாயா?"

"நிலத்தை எழுதிக் கொடுக்கவா, அம்மா?"

"இல்லையடா. இரண்டாவது ஆள் வேண்டுமாம்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கிணறு எத்தனை அடி அகலம்? வலைக்கு நான் அளவெடுக்கிறேன்" என்றான்.