செட்டிகுளத்தில் ஒரு பிடி மா

போன மாதம் மகளைப் பார்க்கச் செட்டிகுளம் போயிருந்தேன். அவளுடைய மகனுக்கு இரண்டரை வயது. குரக்கன் புட்டைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டான். "இவனோட ஒவ்வொரு நாளும் சண்டைதான் அம்மா" என்று மகள் கையை ஓங்கினாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

மறுநாள் மருமகன் என்னை ஓட்டோவில் மனிக்பாம் இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். 2009 இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்மவர்கள் அங்கே அடைபட்டிருந்தோம். இராமநாதன், அருணாசலம் என்று பெரியவர்களின் பெயர்களை முகாம்களுக்கு வைத்திருந்தார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. கூடாரங்கள் இல்லை. நாங்கள் குளித்த அருவியாறு மட்டும் ஓடுகிறது.

அங்கே வந்தபோது என் கடைசி மகனுக்கு மூன்று வயது. மெலிந்திருந்தான். சோளம், சோயா, பால்மா கலந்த திரிபோஷா கிடைத்தது. நல்ல சத்துமா. ஆனால் அவன் முன்பு உண்டறியாதது. வாயில் வைத்ததும் துப்பினான். இதுவும் இல்லாமல் போனால் பிள்ளை தப்பமாட்டான் என்ற பயத்தில் மூக்கைப் பிடித்துத் தீத்தினேன். அடித்தும் இருக்கிறேன். பிறகு கோப்பையைக் கண்டாலே அழுதான்.

பக்கத்துக் கூடாரத்து அக்கா ஒருநாள் சொன்னார்: "அடியாத பிள்ளை. அவனுக்கு இடமும் புதுசு, சாப்பாடும் புதுசு. உன்ர முகம் ஒண்டுதான் பழசு. அதையும் ஏன் மாத்துறாய்?"

அன்று மாவை வறுத்து, சீனியும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தோம். அவனுக்குத் தீத்தாமல் நான் சாப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் தொட்டான். நான்காம் நாள் நக்கினான். இரண்டு கிழமையளவில் தானாகவே கேட்டு வாங்கினான்.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை பிள்ளைகள் புதிய உணவுக்குப் பயப்படுவது இயல்பு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு புதிய உணவைப் பத்துப் பதினைந்து தடவை கண்டும் சுவைத்தும் பழகிய பின்னரே பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கின்றன. நாங்களோ இரண்டு மூன்று தடவையில் 'இவனுக்கு இது பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம், இல்லாவிட்டால் அடிக்கிறோம். சிறிய அளவாகக் கொடுங்கள். பழகிய உணவோடு சேர்த்து வையுங்கள். அதையே நீங்களும் கூட இருந்து சாப்பிடுங்கள். பிள்ளை எதையுமே உண்ணாவிட்டால், அல்லது நிறை கூடாவிட்டால், தாமதியாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

அன்றிரவு மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். முகாமில் அவளுக்கு ஒன்பது வயது. "தம்பிக்கு நீங்கள் அடிச்சது எனக்கு ஞாபகம் அம்மா" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

காலையில் அவள் பேரனின் கோப்பையில் வழமையான இடியப்பத்தோடு ஒரு பிடி குரக்கன் புட்டையும் வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். அவன் புட்டைத் தொடவில்லை. அழவுமில்லை. நாளைக்கும் வைப்பாள்.