கோட்டைக்குப் போகிறவர்களுக்கு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைப் பாதையில் திரும்பினால், ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி வந்துவிடும். கோட்டையைப் பார்த்திராத வாசகிகள் அவசியம் ஒரு முறை போய் வாருங்கள். ஆனால், போகிற விதத்தைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ சபை, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மீதி ஒன்று நம் விழுப்புரம் ஜில்லாச் செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை அல்லவா! ராஜகிரி மலை ஏறக்குறைய 800 அடி. என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரர்கள் கீழே கல்யாண மகாலோடு நின்றுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சென்னையிலிருந்து நாம் எப்படிப் போகிறோம்? விடியற்காலையில் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு காரில் ஏறுகிறோம். மத்தியானத்துக்குள் பார்த்து முடித்துப் புதுச்சேரிக்குப் பறந்துவிடுகிறோம். நுழைவுச் சீட்டுப் பணம் சர்க்காருக்கு. ஊருக்கு மிஞ்சுவது நாம் எறிந்த காலி பாட்டில்கள்தான்!

அடிவாரத்தில் மோர் விற்ற அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். "என் மவன் தேசிங்கு ராஜன் கதையை விடிய விடியச் சொல்லுவாம்மா. இப்ப மெட்ராஸ்லே வீடு வீடாச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கறான்" என்றாள். 1714-ல் போரில் மாண்ட தேசிங்கின் கதை தெரிந்த பையனுக்கு, அந்தக் கோட்டையின் அடியிலேயே பிழைப்பு இல்லை. நாம் சோறு கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போகிறோம். அவன் சோறு சுமந்துகொண்டு நம் வாசலுக்கு வருகிறான்!

கேரளத்துக் குமரகத்தில் 2008-ல் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அங்கே ஏரிக்கரை ஹோட்டல்களுக்குக் காய்கறி பயிரிட்டுத் தரும் வேலையை உள்ளூர்க் குடும்பஸ்ரீ பெண்கள் ஏற்றார்கள். பஞ்சாயத்தும் கூட நின்றது. வந்தவர்களுக்கு ஓலை முடைவதையும் கயிறு திரிப்பதையும் காட்டுவதே சில வீடுகளுக்கு வருமானம் ஆயிற்று. 2017-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு தனி அமைப்பை நிறுவியது. நமக்கு மட்டும் என்ன குறை? மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-லேயே தர்மபுரியில் தொடங்கிவிட்டனவே!

"அடுத்த மாதம் பத்துப் பேர் வருகிறோம். சமைத்துப் போடுவீர்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்கம்மா. கேவுரு களியும் கருவாட்டுக் குழம்பும் பண்றோம்" என்றாள். எங்களுக்குக் கருவாடு ஆகாது. கத்தரிக்காய்க் குழம்பு என்று முடிவாயிற்று. பையனையும் அன்றைக்கு லீவு போட்டு வரச் சொல்கிறாளாம், கதை சொல்ல. தலைக்கு என்ன விலை என்பதைத்தான் அவள் சொல்லவில்லை. குழுவில் எல்லோரையும் கேட்டுக்கொண்டுதான் சொல்வாளாம்.