முதுமையும் வணிகப் பக்கமும்

முதியோரை மதிக்கும் சமூகம் என்று எம்மை நாமே பாராட்டிக்கொள்வதில் எமக்குக் குறைவில்லை. அவர்களின் காலில் விழுந்து ஆசி பெறுகின்றோம். மங்கல காரியங்களில் முன் வரிசையில் இருத்துகின்றோம். சாய்மனைக் கதிரையொன்றை விறாந்தையில் அவர்களுக்கெனவே ஒதுக்கி வைக்கின்றோம். ஆயினும் வீட்டின் வரவு செலவு, நிலபுலம், வங்கிக் கணக்கு என்ற பேச்சு எழுந்ததும் எமது குரல் தானாகவே தாழ்ந்துவிடுகின்றது. "அவருக்கு ஏன் இந்த வயதிலை வீண் யோசனை?" என்பது அன்பினால் எழும் வினாவே. ஆனால், ஒரு மனிதனின் கருத்து இனித் தேவையில்லை என்ற தீர்ப்பும் அதனுள் மறைந்திருக்கின்றது. மதிப்பு உண்டு, ஆலோசனை கேட்பார் இல்லை என்ற இந்நிலையே முதுமையின் பெருந்தனிமை என எண்ணுகின்றேன்.

இவ்வெண்ணம் எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. என் அம்மப்பாவிடமிருந்து வந்தது. வடமராட்சியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். அம்மம்மாவின் மறைவுக்குப் பின்னர் படிப்படியாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. நாளிதழில் அவர் கேட்டறிந்தது மரண அறிவித்தல் பக்கம் ஒன்றையே. அதனை வாசித்துக் காட்டுபவர், இறந்தவரின் ஊரையும் உறவையும் சொல்லி முடித்ததும் அன்றைய உரையாடலும் முடிந்துவிடும். மறதி கூடி வருகின்றது என்று வீட்டார் கவலையுற்றனர்.

2022 மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சந்தையின் போக்கிற்கு விடப்பட்டது. 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், மே மாத நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. இடையில் ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் தட்டுப்பாட்டினால் விரிவுரைகளை வீட்டிலிருந்தே கேட்க நேர்ந்த நாட்கள் அவை. ஒரு காலை மரண அறிவித்தல்களை வாசித்து முடித்து நான் எழுந்தபோது அம்மப்பா வினவினார்: "தம்பி, டொலர் இண்டைக்கு எவ்வளவு?" பல மாதங்களின் பின்னர் அவராகக் கேட்ட முதற் கேள்வி அதுவாகும். அன்று தொடங்கி வணிகப் பக்கமே எமது காலைப் பாடமாயிற்று.

வணிகச் செய்தி ஏன் அவரைத் தொட்டது? உளவியலாளர் ரேமண்ட் கற்றெல் நுண்மதியை இருவகையாகப் பிரித்தார். புதிய சிக்கலை உடனடியாக விடுவிக்கும் ஆற்றல் ஒன்று. கல்வியாலும் அனுபவத்தாலும் திரண்டு உறைந்த அறிவு மற்றொன்று. முன்னையது நடுவயதிற்கு முன்னரே தளரத் தொடங்குகின்றது. பின்னையது முதுமையிலும் நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றது. முதியவரிடம் முன்பின் அறியாத புதுவகைப் புதிரைக் கொடுத்து "மூளைக்குப் பயிற்சி" என்போர், பெரும்பாலும் அவரிடம் தளர்ந்துள்ள பகுதியையே சோதிக்கின்றனர். விலை, வட்டி, வரி, விளைச்சல் ஆகியவை பற்றிய செய்தியோ ஐம்பதாண்டுச் சேமிப்பின் கதவைத் தட்டுகின்றது. அன்றியும் அது தொடர்கதை போன்றது. திறைசேரி உண்டியல் ஏலம் வாரந்தோறும் புதன்கிழமைகளில் நடைபெறும். வட்டி ஏறுமா இறங்குமா என்று செவ்வாயன்று கருத்துரைத்தவருக்கு மறுநாளே விடை கிடைத்துவிடும். நாளையை எதிர்பார்க்க ஒரு காரணம் இருப்பது முதுமையில் சிறிய பேறன்று.

பொருளியல் மாணவனாகிய நானும் இதனாற் பயன் பெற்றேன். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதையும், அதனால் யாழ்ப்பாணக் கமக்காரர் செழித்ததையும், 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கையால் அவ்விளைபொருள்கள் கடும் போட்டிக்கு உள்ளானதையும் நான் பாடநூலிற் படித்திருந்தேன். அம்மப்பாவோ அதனைச் சங்கத்தின் பேரேட்டில் தம் கையால் எழுதியவர். எந்த ஆண்டில் எவர் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார், எவர் அதனைப் பின்னர் விற்றார் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்த செய்தியை வாசித்தேன். அவர் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னார்: "பெரிய வெங்காயம் வராட்டில் சின்ன வெங்காயமும் விலை ஏறும். ஏறின விலையைப் பாத்து எல்லாரும் நட்டால், கிண்டேக்கை விலை இராது." பொருளியலார் இதனைச் சிலந்திவலைத் தேற்றம் என்பர். கல்டோர் 1934 இல் இப்பெயரை வழங்கினார். பெயரறியாத அம்மப்பா பொருளறிந்திருந்தார்.

எனினும் இவ்வாசிப்பு பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடவில்லை. சிரேஷ்ட பிரஜைகளின் நிலையான வைப்புகளுக்குக் குறித்த எல்லை வரை 15 வீத விசேட வட்டி வழங்கிய திட்டம் 2022 இல் நிறுத்தப்பட்டது. அம்மப்பாவின் வைப்பும் அவ்வாண்டிலேயே முதிர்ந்தது. வெளிநாட்டிலுள்ள மாமா, பணத்தை அம்மாவின் பெயருக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு என்றார். அம்மாவும் இசைந்தார். அப்போது திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தை அண்மித்தும் கடந்தும் நின்றது. அதில் ஒரு பகுதியை ஓராண்டுக்கு இடலாம் என்று நான் உற்சாகமாகப் பேசியபோது அம்மப்பா இடைமறித்தார்: "முப்பது வீதம் எண்டு துள்ளாதை. விலைவாசி எழுபது வீதத்தாலை ஏறியிருக்கு. இது லாபமில்லை, தம்பி. நட்டத்தைக் குறைக்கிற வழி." அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாக இருந்தது. பெயர் மாற்றத்திற்கு அவர் உடன்படவில்லை. பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் திறைசேரி உண்டியலிலும் மறுபாதியைக் குறுங்கால வைப்பிலும் இட்டார். நடுங்கும் கையெனினும் கையெழுத்து அவருடையதாகவே இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2023 ஜூன் மாத இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புப் பற்றிய அறிவிப்பு வந்தது. விசேட விடுமுறையொன்றும் சேர்ந்து வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாட்கள் மூடப்பட்டன. அந்நாட்களில் அம்மப்பா இரவில் உறங்கவில்லை. "இதுக்குத்தான் சொன்னனான்" என்று அம்மா என்னைக் கடிந்தார். வாழ்வின் அந்தியில் ஒருவருக்கு இத்தகைய கலக்கத்தைத் தேடிக் கொடுத்தல் தகுமா என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. தனியார் வசமுள்ள திறைசேரி உண்டியல்கள் அம்மறுசீரமைப்பில் சேர்க்கப்படவில்லை என்பது தெளிவானதும் வீடு அமைதியடைந்தது. அம்மப்பா மட்டும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "என்ரை காசைப் பற்றி நீங்கள் எல்லாரும் எனக்குத் தெரியாமல் கவலைப்படுறதிலும், நானே கவலைப்படுறது நல்லம், பிள்ளை." கவலையும் மனிதனின் உரிமைகளில் ஒன்று என்பதை அதற்கு முன்னர் எவரும் எனக்கு உணர்த்தியதில்லை.

வணிகப் பக்கம் மறதிக்கு மருந்து என்று நான் கூற வரவில்லை. நேற்று வந்துபோன உறவினரை அம்மப்பா இன்றும் மறக்கின்றார். மறதி நோய் பற்றி 'லான்செற்' மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைச் சுட்டியது. குறைந்த கல்வி, செவிப்புலன் குறைதல், கவனிக்கப்படாத பார்வைக் குறைபாடு, சமூகத் தனிமை என்பன அவற்றுட் சில. இவற்றை நோக்கும்போது எங்கள் வீட்டில் நிகழ்ந்தது ஓரளவு விளங்குகின்றது. பல ஆண்டுகளாகக் கண் சத்திரசிகிச்சையை மறுத்துவந்த அம்மப்பா, "எண்களை நானே பாக்கவேணும்" என்று தாமாகவே அதற்கு உடன்பட்டார். நாள்தோறும் அரைமணி நேரம் ஒருவர் அவரருகே அமர்ந்தார். அவர் கூறியதற்கு மறுப்பும் கூறினார். நன்மை பயந்தது செய்தியா, துணையா என்று பிரித்தறிய இயலாது. பிரிக்கவேண்டிய தேவையும் இல்லை.

இதனை மேற்கொள்ள விரும்புவோர்க்குச் சில கூறலாம். முழுப் பக்கத்தையும் ஒப்புவிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். வாசித்தபின் "விளங்கிச்சுதோ?" என்று கேளாது, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேளுங்கள். அவர் கூறும் எதிர்வுகூறலைக் கொப்பியொன்றிற் குறித்துவைத்துப் பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். உயர்ந்த வட்டி தருவதாக ஆசை காட்டும் விளம்பரத்தைச் செய்தியெனக் கருதவேண்டாம்; எந்தப் பத்திரத்திலும் அன்றைக்கே ஒப்பமிடுவதில்லை என்ற விதியை இருவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். கமக்காரரிடம் சந்தை விலையையும், கடற்றொழிலாளரிடம் எரிபொருள் விலையையும், தோட்டத் தொழிலாளராக இருந்தவரிடம் கொழும்புத் தேயிலை ஏலத்தையும் பற்றிப் பேசுங்கள். ஒவ்வொரு முதியவருக்கும் அவருக்குரிய வணிகப் பக்கம் ஒன்று உண்டு.

1981 இல் இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 6.6 வீதத்தினர், 2012 இல் அவர்கள் 12.4 வீதத்தினராயினர். இவ்வளவு பேரின் அனுபவத்தையும் விறாந்தைக் கதிரைகளில் முடக்கி வைப்பது எந்த நாட்டிற்கும் கட்டுப்படியாகாத நட்டமாகும். பல்கலைக்கழகத்தில் நாம் கற்கும் கோட்பாடுகளுக்கு உயிருள்ள உரையாசிரியர்கள் எமது வீடுகளிலேயே இருக்கின்றனர். அவர்கள் எம்மிடம் வேண்டி நிற்பது பணிவிடையிலும் மேலான ஒன்று: விடையை அறியும் உண்மையான ஆவலுடன் கேட்கப்படும் ஒரு கேள்வி.